புதுப்பிப்பு: வயர்ஷார்க்கில் துண்டு துண்டாகத் தெரிந்த டிசிபி செய்திகள் – தீர்ந்தது

காவடி விடுமுறை முடிந்து இன்றுதான் உட்கார முடிந்தது. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நான் முன்பு கேட்டிருந்த கேள்வி இதுதான்: மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் கிடங்கில் லாரி எடைமேடை டிசிபி இணைப்பில் அனுப்பும் செய்திகளை வயர்ஷார்க்கில் (நெட்வொர்க்கில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) பிரித்துக் காட்ட, லுவா நிரல்மொழியில் ஒரு டிசெக்டர் (செய்தியைப் பிரித்துப் படிக்கும் நிரல்) எழுதியிருந்தேன். முதல் 4 பைட்டில் நீளம், அப்புறம் தரவு. நீளமான செய்தி இரண்டு செக்மென்ட்டில் (டிசிபி தரவை உடைத்து அனுப்பும் துண்டு) வந்தால், பின்பாதி 'மால்ஃபார்ம்ட்' (வடிவம் பிழை) என்று சிவப்பில் நின்றது.

பதில் எழுதியவர்களில் டர்பன் நகரத்து அண்ணன் சொன்னதுதான் பலித்தது. செய்தி முழுதாக வரவில்லை என்றால், பின்ஃபோவின் (டிசெக்டருக்கு வயர்ஷார்க் கொடுக்கும் பாக்கெட் விவரம்) டீசெக்மென்ட்_ஆஃப்செட்டில் செய்தி தொடங்கும் இடத்தையும், டீசெக்மென்ட்_லென்னில் இன்னும் எத்தனை பைட் வேண்டும் என்பதையும் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். தலைப்பின் (நீளம் இருக்கும் முதல் பகுதி) 4 பைட்டே வரவில்லையா? அப்போது நீளம் தெரியாது, டீசெக்மென்ட்_லென்னில் டீசெக்மென்ட்_ஒன்_மோர்_செக்மென்ட் என்று வைத்தால் போதும். டிசெக்டர் திரும்பும்போது விடையாக 0 கொடுத்துவிடாதீர்கள். 'இது என் நெறிமுறை இல்லை' என்று வயர்ஷார்க் எடுத்துக்கொள்ளும். ஒரே செக்மென்ட்டில் பல செய்திகள் வரும் என்பதால் லூப்பும் வேண்டும். இத்தனையும் வேண்டாம் என்பவர்களுக்கு, இதையெல்லாம் தானே செய்துகொள்ளும் டிசெக்ட்_டிசிபி_பிடியூஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, நீளம் தலைப்பிலேயே இருந்தால் அதுவே சுலபம்.

எதிர்பாராதது ஒன்று. இதற்குப் பிறகும் சில செய்திகள் உடைந்தே இருந்தன. பார்த்தால், செக்மென்ட்டுகள் வரிசை மாறி வந்திருக்கின்றன. வயர்ஷார்க்கின் டிசிபி அமைப்புகளில் 'ரீஅசெம்பிள் அவுட்-ஆஃப்-ஆர்டர் செக்மென்ட்ஸ்' (வரிசை மாறியவற்றைச் சேர்க்கும் தெரிவு) என்னிடம் அணைந்தே இருந்தது. அதை டிக் செய்ததும் சரியாகிவிட்டது.