ஐயா வீட்டு மனையைப் பழைய ஊர் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

பள்ளத்தூர்ப் பேரன்:
வணக்கம். எங்கள் ஐயாவின் (அப்பாவைப் பெற்றவர்) அப்பா செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் கட்டிய வீட்டை எப்போதோ விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் தூண், நிலைக்கதவு எல்லாம் பிரித்து விற்று, இப்போது வெறும் மனையாம். எந்த மனை என்று சொல்ல ஆளில்லை. "ஊரணிக்கு மேற்கே, முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில்" என்று அப்பத்தா சொல்வார்கள், நம்மூரில் பாதி வீடு அப்படித்தானே. கையில் 1931 பத்திர நகல் மட்டும் இருக்கிறது. பழைய வரைபடம் எங்கே கேட்பது?

ஓய்வுபெற்ற சர்வேயர்:
தம்பி, கிராம வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். கண்மாய், ஊரணி, வண்டிப்பாதை எல்லாம் தெளிவாக இருக்கும், ஆனால் குடியிருப்பு முழுவதும் நத்தம் என்று ஒரே எண்ணில் கிடக்கும். வீடுவீடாக வேண்டுமென்றால் பிற்பாடு எடுத்த நத்தம் சர்வே படம்தான், காரைக்குடி மாதிரி டவுனாக இருந்தால் டவுன் சர்வே படம். தாலுகா ஆபீஸ் நில அளவைப் பிரிவில் மனுக் கொடுங்கள். அப்புறம், நம் பக்கம் பெரும்பாலும் சிவகங்கை ஜமீன், ஜமீன் ஒழிப்புச் சட்டமே 1948இல்தான் வந்தது, இன்றைய சர்வே எண்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு போட்டவை, அதனால் 1931 பத்திரத்து எண்ணை இன்றைய எண்ணோடு நேரே பொருத்திப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தேவகோட்டை ஆச்சி:
முதலில் பத்திரத்தின் சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, படியுங்கள் தம்பி. "இன்னார் வீட்டுக்கு மேற்கு" என்றால் அவர் வீடு உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாங்கள் இரண்டு மாதம் வேறு மனையைச் சுற்றினோம். நான்கு எல்லையையும் ஒரு தாளில் வரையுங்கள். ஆள் பெயர் மாறும், ஊரணியும் கோயிலும் நகராது, அதை வைத்துப் படத்தில் பொருத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் இருக்கும் விலாசத்தையும் (முகவரி இல்லை, குடும்பத்தின் முன்னெழுத்துகள்) விடாதீர்கள். எங்களுக்கு வடக்கு வீட்டு விலாசம் எங்கள் விலாசமாகவே இருந்தது, அது பங்காளி வீடு என்று அப்போதுதான் தெரிந்தது, அறுந்துபோன உறவு திரும்பக் கிடைத்தது.

கானாடுகாத்தான்:
ஐயா பர்மாவுக்குப் போனவரா? அப்படியென்றால் ரங்கூன் பழைய நகர வரைபடத்தில் மொகல் தெருவைப் பாருங்கள், நம் செட்டிநாட்டவர்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கி நிறைய அங்கேதான் இருந்தது.

பள்ளத்தூர்ப் பேரன்:
ஆச்சி, இப்போதுதான் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். "ஊரணிக்குப் போகும் பாதைக்கு மேற்கு" என்று இருக்கிறது! அப்பத்தா சொன்னதும் அதேதான். தெற்கு வீட்டுப் பெயருக்கு முன்னாலும் எங்கள் விலாசத்தின் முதல் இரண்டு எழுத்து. திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போகிறேன்.