'எலிஜிபிள் பூல்' என்பதற்குத் தமிழ்: தகுதிப் பட்டியல் வேண்டாம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

கேரளத்தின் சித்தூர் வட்டத் தமிழ்வழிப் பள்ளி மாணவிகளுக்கான சீருடைப் பணி (ராணுவம், காவல்) வழிகாட்டியில், ஐ.நா. அமைதிகாப்பில் பெண்கள் பற்றிய இயலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஜெனீவாவில் இயங்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டிகாஃபும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய, அமைதிப்பணியில் பெண்களுக்குள்ள வாய்ப்பை அளக்கும் 'மோவிப்' முறைதான் அதற்கு அடிப்படை. பெண்கள் அமைதிப்பணிக்குப் போகாமல் நின்றுவிடும் காரணங்களை அது பத்துத் தலைப்பாகப் பிரிக்கிறது. முதல் தலைப்பு 'எலிஜிபிள் பூல்'. நம் வரைவில் இது 'தகுதிப் பட்டியல்' என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும்.

பட்டியல் என்றதும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணைய) ராங்க் லிஸ்ட்தான் நினைவுக்கு வரும். அது தேர்வு முடிந்து வருவது. இங்கே பேசப்படுவதோ தேர்வுக்கு முந்தைய நிலை. முதல் தலைப்பு, படையில் போதிய பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறது. இரண்டாவது, அனுப்புவதற்கு வைத்திருக்கும் நிபந்தனைகள் அந்தப் பணிக்கு உண்மையில் தேவையானவைதானா என்று பார்க்கிறது. மூன்றாவது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை எல்லோருக்கும் சமமா என்பது. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. ஆளே இல்லாத இடத்தில் தேர்வு முறையைத் திருத்திப் பயனில்லை; ஆள் நிறைய இருந்தும் நிபந்தனையில் கழிந்துபோனால், ஆள்சேர்ப்பைக் கூட்டியும் பயனில்லை. 'தகுதிப் பட்டியல்' மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 2007-இல் லைபீரியாவுக்குப் பெண்கள் மட்டுமே கொண்ட காவல் அணியை மத்திய ரிசர்வ் போலீஸ் படை அனுப்பியது. ஐ.நா. வரலாற்றில் அதுதான் முதல் முறை. 2016 வரை ஆண்டுதோறும் அணி மாற்றி அனுப்ப அவர்களால் முடிந்ததற்கு ஒரு காரணம், 1986-லேயே அந்தப் படையில் 88-ஆவது மகளிர் பட்டாலியன் தொடங்கப்பட்டிருந்தது. எடுத்து அனுப்ப ஆள் இருந்தது. ராணுவத்தின் நிலை வேறு. சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கியதே 1992-இல்தான். சிப்பாய் நிலையில் ராணுவ போலீஸ் பிரிவில் சேர்ந்த பெண்களின் முதல் அணி, 83 பேர், பயிற்சியை முடித்தது 2021 மே மாதம். காலாட்படையில் பெண்கள் இல்லை. அமைதிப்பணிக்குப் போவதோ பெரும்பாலும் காலாட்படை பட்டாலியன். ஏறத்தாழ 850 பேர் ஒரே அணியாகப் புறப்படுவார்கள். அதில் பெண்களைச் சேர்க்க வேண்டுமென்றால் வேறு பிரிவுகளிலிருந்து எடுத்து இணைக்க வேண்டும். ஐ.நா. 2028-க்குள் ராணுவ அணிகளில் 15 விழுக்காடு பெண்கள் என்று இலக்கு வைத்தபோது, பல நாடுகள் முட்டிக்கொண்ட இடம் இதுதான். 2020-இல் உலக அளவில் அது 4.8 விழுக்காடு.

என் முன்மொழிவு: அனுப்பத்தக்கோர். 'எண்ணத்தக்க', 'குறிப்பிடத்தக்க' என்ற அமைப்பிலேயே வருவதால் விளக்கம் தேவையில்லை. 'தகுதிக் குளம்' என்று ஒரு நண்பர் சொன்னார். அது ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்ததே தவிர, பொருளைச் சொல்லவில்லை.

மீனாட்சிபுரத்திலிருந்து:

தம்பி, பட்டியலை நீக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் 'அனுப்பத்தக்கோர்' என்றால் நிபந்தனைகளை எல்லாம் தாண்டி வந்தவர்கள் என்றுதான் படும். அப்போது முதல் தலைப்பும் இரண்டாம் தலைப்பும் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். நிபந்தனையால் கழிந்தவர்கள் கணக்கிலேயே வராமல் போவார்கள். அவர்களைக் காட்டத்தானே இந்த அளவீடு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். ஒரு படையில் 6,000 பெண்கள். அதில் மருத்துவம், செவிலியம், எழுத்தர் பணியில் 4,500 பேர். போர்ப்பிரிவு, பொறியியல், தகவல் தொடர்பு, ராணுவ போலீஸ் சேர்ந்து 1,500. கேட்கப்படும் பதவிநிலையில் இருப்பவர்கள் 400. நான்கு சக்கர வண்டியை, அதுவும் கையால் கியர் மாற்றும் வண்டியை, ஓட்டத் தெரிந்தவர்கள் 90. கடைசியில் '90 பேர்தான் இருக்கிறார்கள்' என்று அறிக்கை எழுதினால், 310 பேர் வண்டியில் கழிந்தது தெரியாது. பல படைகளில் வண்டி ஓட்ட ஓட்டுநர் சிப்பாய் உண்டு. பெண் அதிகாரி ஸ்டியரிங் பிடிக்கும் வாய்ப்பே வராது. ஐ.நா. பணியில் களநிலையைப் பார்த்து அறிக்கை தரும் ராணுவக் கண்காணிப்பாளருக்கோ அது அடிப்படைத் தேவை, களத்தில் அவரேதான் ஓட்ட வேண்டும். ஆகவே நிபந்தனையை எடுத்துவிடச் சொல்ல முடியாது. ஓட்டப் பழக்குவதுதான் வழி. (மாணவிகளுக்கு இந்த இடத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: ஸ்கூட்டர் உரிமம் போதாது, கார் உரிமம் எடுத்து ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்.)

அதனால் நான் சொல்வது இருப்பு. ரேஷன் கடைப் பலகையில் தினமும் படிக்கிற சொல். எவ்வளவு இருக்கிறது, எங்கே குறைந்தது, எப்போது நிரப்ப வேண்டும் என்ற கேள்விகள் தானாகப் பின்னால் வரும். 'பெண் ஆளிருப்பு' என்றால் 6,000. 'தகுதியாளர் இருப்பு' என்றால் பிரிவும் பதவிநிலையும் பொருந்தும் 400. வண்டி, மொழி, மருத்துவச் சோதனை எல்லாம் இரண்டாம் தலைப்புக்குப் போய்விடும்.

இன்னொன்று. 'அமைதிப்படை' என்ற சொல்லை இயல் முழுவதும் பார்த்தேன். தமிழில் அது 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படையைத்தான் குறிக்கும். அது ஐ.நா. பணியே அல்ல. மலையாளத்தில் 'சமாதான சேனை' என்று படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் பெரியவர்களுக்கு உண்டு. 'ஐ.நா. அமைதிகாப்புப் பணி' என்றே போடுங்கள்.

வாளையாற்றிலிருந்து:

'இருப்பு' பொருளுக்குச் சொல்வது, மனிதருக்கு ஆகுமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் 'தொகுதி' என்றால் தேர்தல் நினைவு வருகிறது, 'திரள்' என்றால் கூட்டம். 'யோக்கியதை உள்ளோர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மலையாளத்தில் 'யோக்யத' வெறும் கல்வித்தகுதி, தமிழில் அது ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். எனவே அக்கா சொன்ன 'தகுதியாளர் இருப்பு' எனக்குச் சம்மதம்.

மற்ற தலைப்புகளில் நாலாவதைப் பற்றி மட்டும் வலியுறுத்துகிறேன். வரைவில் 'குடும்பத் தடை' என்று இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள், வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றே புரிந்துகொள்வார்கள். பழி மாமியார் மேலும் கணவர் மேலும் போகும். அளவீடு கேட்பது வேறு: ஓராண்டு வெளிநாட்டில் இருக்கும்போது குழந்தையையும் முதியோரையும் யார் பார்ப்பது, அதற்குப் படை என்ன ஏற்பாடு செய்கிறது, விடுப்பில் வந்துபோக முடியுமா, வீட்டோடு பேச இணைய வசதி உண்டா. கேள்வி நிறுவனத்தை நோக்கியது. 'பராமரிப்புப் பொறுப்பு' என்றால் அது தெளிவாகும்.

இதே காரணத்தால் பொதுச்சொல்லாகவும் 'தடை'யை விட்டு 'இடையூறு' என்றே போடலாம். தடை என்றதும் படிப்பவர் தடையாணையைத் தேடுவார். பெண்கள் போகக் கூடாது என்று விதி எழுதியிருக்கும் இடம் குறைவு. மார்புக்குப் பொருந்தாத குண்டு துளைக்காத கவசம், இருட்டில் நெடுந்தூரம் நடந்து போக வேண்டிய குளியலறை, பெண்களுக்கான மருத்துவர் இல்லாத முகாம், திரும்பி வந்த பின் பதவியுயர்வில் எண்ணப்படாத ஓராண்டு... இவற்றுக்கு எந்த ஆணையும் கிடையாது. சட்டப்படி மூடியிருக்கும் பிரிவுகளுக்கு மட்டும் 'தடை' இருக்கட்டும்.

பத்தாம் தலைப்புக்கு 'சமூக விலக்கு' வேண்டாம், ஊர்விலக்கு என்று ஒலிக்கிறது. 'அணிக்குள் ஒதுக்கல்' போதும். பாலியல் தொல்லையும் அந்தத் தலைப்புக்குள்தான் வருகிறது. அதை அடிக்குறிப்பில் தள்ளாமல் இயலின் முதன்மை உரையிலேயே எழுத வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அக்கா, உங்கள் கணக்கு சரி. 'அனுப்பத்தக்கோர்' என்பதை முதல் தலைப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன்; நிபந்தனைகளைத் தாண்டிய 90 பேருக்கு அதையே வைக்கலாம். மூன்று படிக்கும் மூன்று சொல் ஆயிற்று: பெண் ஆளிருப்பு, தகுதியாளர் இருப்பு, அனுப்பத்தக்கோர். அந்த 6,000 கணக்கைப் பெட்டிச் செய்தியாக, எடுத்துக்காட்டு எண்கள் என்ற குறிப்போடு சேர்க்கிறேன்.

'இடையூறு', 'பராமரிப்புப் பொறுப்பு', 'அணிக்குள் ஒதுக்கல்' மூன்றும் ஏற்பு. 'டிப்ளாய்மென்ட்' மட்டும் பாக்கி. மலையாளச் செய்தித்தாள்களில் 'சேனாவின்யாசம்' படித்த பிள்ளைகள் 'வின்யாசம்' என்று எழுத வாய்ப்புண்டு. தமிழில் அது வேறு எங்கோ போகும். 'பணிக்கு அனுப்புதல்' என்று வினையாகவே விட்டிருக்கிறேன். ஒற்றைச் சொல் வேண்டும் என்பவர்கள், முகாமில் இருக்கும் காலத்துக்கும் அது பொருந்துமா என்று பார்த்து எழுதுங்கள். 'அனுப்புகை' என்றால் புறப்பாடு மட்டும்தான் அடங்குகிறது.