மே மாதம் ஊரிலிருந்து வரும் பெற்றோருடன் சியாட்டில் பக்கம் எந்த மலைப்பாதை?

கேள்வி:
மே முதல் வாரம் மதுரையிலிருந்து அப்பா, அம்மா, அத்தை வருகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 63, முழங்கால் வலி உண்டு. அத்தை புடவைதான் கட்டுவார். மூவருக்கும் பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்னோ லேக், லேக் செரீன், ரெய்னியர் மலையில் பாரடைஸ் மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். மே நடுவில் இவை சரிப்படுமா?

பதில் 1:
முதல் இரண்டையும் அடித்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் நீல ஏரிப் படங்கள் ஜூலைக்குப் பிறகு எடுத்தவை. மேயில் ஸ்னோ லேக் பாதை பனிக்கு அடியில் கிடக்கும். அதோடு பனிச்சரிவு இறங்கும் ஓடைத்தடங்களைக் குறுக்காகக் கடக்கிறது. பகல் வெயிலில் மேலே பனி இளகினால் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. லேக் செரீன் போய்வர 8 மைலுக்கு மேல், 2000 அடி ஏற்றம், நிறையப் படிகள். அம்மாவின் முழங்காலுக்கு அது எந்த மாதத்திலும் வேண்டாம்.

மே நடுவில் பனிக்கோடு, அதாவது தரையில் பனி தொடங்கும் உயரம், பொதுவாக 3000 முதல் 4000 அடிக்குள் இருக்கும். கார் நிறுத்துமிடத்தின் உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பாதையின் உச்சிப்புள்ளி எத்தனை அடி என்று பாருங்கள். அது 2500க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மண்ணில் நடக்கலாம். வடக்குப் பார்த்த சரிவும் அடர்ந்த காடும் மட்டும் விதிவிலக்கு, அங்கே பனி இன்னும் தாழ்வாகவே தங்கிவிடும்.

யாராவது பிக் ஃபோர் பனிக்குகையைச் சொல்வார்கள். பாதை சமதளம் என்பதால் முதியோருக்கு ஏற்றது போலத் தெரியும். உள்ளே போவதும் மேலே ஏறுவதும் உயிருக்கு ஆபத்து. 2015 ஜூலையில் இடிந்து உயிர்ப்பலி ஆனது.

பதில் 2:
பனி உருகும் மாதத்தில் அருவிக்குப் போங்கள், மலை அருவிகளில் தண்ணீர் நன்றாகக் கொட்டும் நேரம் அது.

முதல் நாளுக்கு ஸ்னோக்வால்மி அருவி. 268 அடி, மேல் பார்வைமேடைக்கு காரிலிருந்து சில நிமிட நடை, கைப்பிடி உண்டு. புடவைக்கும் சிக்கல் இல்லை. அடுத்து கூகர் மலையில் கோல் க்ரீக் அருவி, போய்வர இரண்டரை மைல் அளவு. இதை ஒரு வெள்ளோட்டமாக வையுங்கள். மூவரும் எப்படி நடக்கிறார்கள் என்று தெரிந்தபின் ட்வின் ஃபால்ஸ், I-90இல் 34ஆம் எக்ஸிட். போய்வர இரண்டரை மைலுக்குச் சற்று மேல், 500 அடி ஏற்றம். நடுவில் ஓர் இறக்கம் வருவதால் திரும்பும்போதும் ஏற வேண்டும். இதை முன்பே சொல்லிவிடுங்கள். கார் நிறுத்த டிஸ்கவர் பாஸ் என்ற மாநில அனுமதிச்சீட்டு தேவை. ஃப்ராங்க்ளின் அருவிக்கு அது செல்லாது, நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் என்ற தேசியக் காட்டுக்கான சீட்டு வேண்டும். அங்கே கடைசிச் சில அடிகள் ஈரப்பாறை. அம்மாவும் அத்தையும் அதற்கு முன் நின்று பார்த்தாலே போதும்.

ராட்டில்ஸ்நேக் லெட்ஜ் என்ற பாறைமுனை அப்பாவுக்கு மட்டும்: போய்வர 4 மைல், 1160 அடி ஏற்றம். உச்சியில் வேலி கிடையாது, ஈரமான நாளில் விளிம்புப் பக்கமே போக வேண்டாம். ராட்டில்ஸ்நேக் (கிலுகிலுப்பைப் பாம்பு) என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுவார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் கேஸ்கேட் மலைக்கு மேற்கே அந்தப் பாம்பு இல்லை.

பதில் 3:
மைல் கணக்கை விட ஒரு மைலுக்கு எத்தனை அடி ஏற்றம் என்பதே முழங்காலுக்கு முக்கியம். ராட்டில்ஸ்நேக் ஏறும் வழியில் மைலுக்கு 580 அடி. வலி உள்ளவருக்கு 400ஐத் தாண்ட வேண்டாம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், வலி இறக்கத்தில் வரும். அதனால் "இன்னும் கொஞ்சம் ஏறலாம்" என்று அம்மா சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். இரண்டு ஊன்றுகோல் கொடுங்கள். முழங்கை செங்கோணத்தில் மடியும் உயரம் வைத்து, இறங்கும்போது 5 செ.மீ. நீட்டுங்கள்.

நேரத்துக்கு மைலுக்கு 40 நிமிடம், ஒவ்வொரு 500 அடி ஏற்றத்துக்கும் 20 நிமிடம் கூடுதலாகப் போடுங்கள். ஊருக்கும் இங்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், முதல் வாரம் மதியமானால் தூக்கம் சொக்கும். காலையிலேயே முடித்துவிடுங்கள். வார இறுதியில் பார்க்கிங் கிடைக்கவும் அதுவே வழி.

அப்பாவின் மாத்திரையில் கிளிமிபிரைடு இருந்தால் நடையில் சர்க்கரை இறங்கலாம். கிளம்பும் முன்பே ஊர் மருத்துவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பையில் குளுக்கோஸ் பொடியோ ஜூஸோ இருக்கட்டும். கடலைமிட்டாய் உடனடியாக வேலை செய்யாது, கொழுப்பு அதைத் தாமதப்படுத்தும்.

பருத்தி உடை நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அத்தைக்குப் புடவைக்குள் கம்பளி லெகிங்ஸ், மேலே மழைச்சட்டை, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டினால் தடுக்காது. காட்டுக் கழிப்பறைகளில் தண்ணீர் இருக்காது, அதற்கென்று தனி பாட்டில் எடுத்துப் போங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை, குளிரில் தயிர்சாதம் இறங்காது.

பதில் 4:
பனிக்கு பாரடைஸ் சரியான இடம், ஆனால் நடைக்கு அல்ல. 5400 அடி, மேயில் பாதைகள் எல்லாம் பனிக்குள் இருக்கும். கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, பலர் மிதித்து இறுகிய இடத்தில் மட்டும் நில்லுங்கள். மரத்தின் அடியில் பனி குழியாக உள்வாங்கியிருக்கும், ஓடைமேல் பனி வெறும் கூரையாக நிற்கும்; இரண்டும் மேலிருந்து தெரியாது. கூலிங் கிளாஸ் கட்டாயம். நடக்க ஆசைப்பட்டால் வழியில் லாங்மையரில், 2700 அடியில், ட்ரெயில் ஆஃப் தி ஷேடோஸ் என்ற 0.7 மைல் வட்டப்பாதை இருக்கிறது. முதல் நாள் மாலை பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்திலும் மேலே புதிதாகப் பனி பெய்து சாலையை மூடுவதுண்டு.