பத்தாம் ஆண்டுப் பொடியனுக்கு கிரவுண்ட் வேணுமா, கிளாஸ் மட்டும் போதுமா?

கல்லடி_அம்மா:
எங்கட மூத்தவன் இந்த வருசம் பத்தாம் ஆண்டு. ஸ்கூல் ஒண்டரைக்கு விடும், மூணுக்கு ஒரு ரியூசன், ஐஞ்சரைக்கு மற்றது, ரெண்டுக்கும் வேனில ஏத்தி இறக்கிறது, மிச்ச நேரம் போன். முந்தி பின்னேரமானா கடற்கரையில புட்போல் அடிச்சிட்டு இருட்டினாப் பிறகுதான் வருவான், இப்ப மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குறான். அவர் சொல்றார் ஓஎல் சோதினை முடியட்டும் மறுகா விளையாடட்டும் எண்டு. ரெண்டு வருசம் இப்பிடி இருத்தி வெச்சா உடம்புக்கு ஒண்டும் ஆகாதா?

ஏறாவூர்_வாப்பா:
வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி தங்கச்சி. கணக்கு பெயில் எண்டா மறுகா அழுது வேலயில்ல, கோல் அடிச்சான் எண்டு எவன் கெம்பஸுக்கு எடுக்கான்? அதோட ஆடி மாசத்துக் கச்சான் காத்துல நாலு மணிக்கும் நிலம் கொதிக்கும், அதுக்குள்ள புள்ளய ஓட விட்டு காய்ச்சல் வந்தா ஒரு கிழம கிளாஸும் போச்சு.

பீட்டி_ரீச்சர்:
நானா, கெம்பஸுக்கு எடுக்கிறதுக்கா விளையாடச் சொல்றம்? உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்கு, 5 வயசில இருந்து 17 வரைக்கும் நாளுக்கு சராசரி 60 நிமிசம் மூச்சு வாங்குற மாதிரி உடம்பு அசையணும், கிழமைக்கு 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் பாரம் விழுற மாதிரி ஓடணும், குதிக்கணும். எலும்பில சேர வேண்டிய கனத்தில கிட்டத்தட்ட 90% பெண்பிள்ளைக்கு 18க்குள்ள, ஆம்பிளப் பிள்ளைக்கு 20க்குள்ள சேந்திரும். ஓஎல் முடியட்டும் எண்டு எலும்பு காத்துக்கொண்டு நிக்காது.

ஏறாவூர்_வாப்பா:
ரீச்சர், அது ஜெனீவாவுல குளிருக்க இருந்து எழுதினது. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஓட நம்மட ஊரில நேரம் எங்க இரிக்கி? எங்கட மகளுக்கு 14, அவள் எந்த கிரவுண்டுல போய் ஓடுற? அதையும் சொல்லுங்க.

ரெண்டாம்_ஷை:
நான் அக்கரைப்பற்று, ரெண்டாம் தரம் ஏஎல் எழுதப் போறன். முதல் தரம் ஒரு வருசம் முழுக்க கதிரைய விட்டு எழும்பல்ல, கூடினது ரிசல்ட் இல்ல, 9 கிலோ. ராவைக்கு நித்திரையும் வராது, பகல் கிளாஸ்ல தூங்கி விழுவன். இப்ப விடிய சுபஹுக்குப் பிறகு பொடியனுகளோட ஓடுறன், படுத்த உடன நித்திர வருது. இந்த முறை பாஸா எண்டு கேக்காதீங்க, அது மறுகா.
இன்னொண்டு, தண்டால் எடுத்தா வளத்தி நிண்டிரும் எண்டு உம்மா பயப்படுறா, உண்மையா ரீச்சர்?

பீட்டி_ரீச்சர்:
இல்ல மகன், அது சும்மா கதை. முறையாச் செஞ்சா வளத்தி நிக்காது.
நானா, தொடர்ந்து ஓடணும் எண்டு நான் சொல்லவே இல்லயே. பத்துப் பத்து நிமிசமாச் சேந்தாலும் கணக்குத்தான், விடிய ஆறு மணிக்கு என்ன கச்சான்? தசை வேல செஞ்சா ரத்தத்தில இரிக்கிற சீனிய அது இழுத்துக்கும். சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத வீடு நம்மட பக்கம் எத்தினை இரிக்கி சொல்லுங்க.
மகள் விசயத்தில நீங்க கேட்டது ஞாயம், அதுக்கு என்னட்ட லேசான பதில் இல்ல. 2016 கணக்கில 11 - 17 வயசுப் பெண்பிள்ளைகள்ல உலகம் முழுக்க 85% பேருக்கு இந்த அசைவு காணாது, பொடியனுகள்ல 78%. முத்தத்தில கயிறடிக்கட்டும், ஸ்கூல்ல நெட்போல் விளையாடட்டும். ஆனா ஸ்கூல்ல இருக்கிற பீட்டி பீரியட்டையும் பாடம் முடியல்ல எண்டு கணக்கு சேர் கேட்டு வாங்கிருவார், நாங்களும் குடுத்திருவம். எங்கட பிழையும் இரிக்கி.

ஏறாவூர்_வாப்பா:
அப்ப முதல்ல அந்த பீரியட்ட குடுக்காதீங்க ரீச்சர். கயிறு வாங்கிக் குடுக்கன். கிளாஸ வெட்ட மட்டும் விடமாட்டன்.

கல்லடி_அம்மா:
நானும் கிளாஸ வெட்டல்ல நானா. வேன நிப்பாட்டிட்டு பழைய சைக்கிளத் திருத்திக் குடுத்தா என்ன? கிளாஸ் ரவுணுக்குள்ளதான், பாலத்தால போய் வர ஒரு தரத்துக்கு அரை மணித்தியாலம் வரும், ரெண்டு தரம் எண்டா ரீச்சர் சொன்ன 60 ஆச்சு. வேன் காசும் மிச்சம்.

ஏறாவூர்_வாப்பா:
அது நல்லம். ரெண்டாவது கிளாஸ் முடிய இருண்டிரும், பின்னுக்கு ஒரு சிவப்பு லைட் போட்டுக் குடுங்க. லொறிக்காரனுகள் பாக்கமாட்டானுகள்.