ஐ5-2400 பெட்டிக்கு ஆர்எக்ஸ் 580 தாங்குமா?

மாடிவீடு:
ஐ5-2400 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ராம். 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய லோக்கல் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). ஜிடிஏ 5 விளையாட்டு ஓடினால் போதும். செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

பிரேம்பித்தன்:
யோசிக்கவே வேண்டாம். 8 ஜிபி கார்டு இந்த விலைக்கு அப்புறம் கிடைக்காது.

சால்டர்மணி:
அவசரப்படுத்தாதீர்கள். 580 மட்டுமே 185 வாட் இழுக்கும், ப்ராசஸர் 95. லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் ஒயரே இருக்காது. மோலக்ஸிலிருந்து (பழைய ஹார்ட் டிஸ்க்குக்கான 4 பின் ஒயர்) மாற்றி மாட்டினால் கனெக்டர் உருகும், பார்த்திருக்கிறேன். ஜிடிஎக்ஸ் 1650 எடுங்கள் தம்பி. 75 வாட், மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 6 பின் கேட்கும் மாடல்களும் உண்டு, அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பிரேம்பித்தன்:
எங்கள் ஊரில் 1650-க்குக் கேட்கிற விலைக்கு 580-உம் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்தே வந்துவிடும். அந்த எஸ்எம்பிஎஸ் அடுத்த கம்ப்யூட்டருக்கும் ஆகும்.

சிக்கனசாமி:
இரண்டும் எதற்கு? ஆர்எக்ஸ் 6400 இருக்கிறதே. 53 வாட்தான், 2022-இல் வந்த கார்டு.

சால்டர்மணி:
இந்தப் போர்டுக்கு அதுதான் ஆகாது. 6400-க்கு டேட்டா போக நான்கே லேன், பிசிஐஇ (கார்டு ஸ்லாட்) 4-ஆம் தலைமுறை வேகத்தை நம்பிச் செய்தது. ஐ5-2400 பிசிஐஇ 2-ஓடு நின்றுவிடும். நான்கு லேனில் நொடிக்கு 2 ஜிபிதான் போகும். 1650-க்கு 16 லேன், அதே ஸ்லாட்டில் நொடிக்கு 8 ஜிபி போகும். கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பிவிட்டால் மிச்ச டெக்ஸ்சர் (விளையாட்டின் பரப்புப் படங்கள்) எல்லாம் ராமிலிருந்து இந்த வழியாகத்தான் வர வேண்டும், அங்கேதான் திக்கும். 6400-இல் வீடியோ என்கோடரும் கிடையாது. விளையாட்டை ரெகார்ட் செய்தால் அந்தச் சுமையும் ப்ராசஸர் தலையில்.

சிக்கனசாமி:
ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்ததே 2015-இல். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து வைத்தால் 4 ஜிபி ஏன் நிரம்பப் போகிறது?

சால்டர்மணி:
அதற்குச் சரி. கார்டு வந்தபின் வேறு எதையும் இறக்காமலா இருப்பார்?

மாடிவீடு:
இன்னொன்று, என் மானிட்டரில் விஜிஏ (பழைய அனலாக் போர்ட்) மட்டும்தான்.

பிரேம்பித்தன்:
அதை முதலில் சொல்லக் கூடாதா! மூன்றிலுமே விஜிஏ கிடையாது. டிவிஐ இருந்தாலும் டிஜிட்டல் மட்டும். எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வர்ட்டர் வாங்குங்கள், வெறும் கேபிள் உதவாது. பயாஸில் முதல் டிஸ்பிளேயைப் பிசிஐஇ-க்கு மாற்றிவிட்டு, ஒயரைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல.

மாடிவீடு:
பெட்டியைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். 12 வோல்ட்டில் 14 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது.

பிரேம்பித்தன்:
168 வாட்! கார்டும் ப்ராசஸரும் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 450 எங்கே போனது? சரி, 580 என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சிக்கனசாமி:
மணி அண்ணா, உங்கள் 1650-க்கும் இது காணாது. 75-உம் 95-உம் 170. என் 6400 என்றால் 148.

சால்டர்மணி:
மிச்சம் 20 வாட்டில் ஹார்ட் டிஸ்க், ஃபேன், போர்டு எல்லாம் ஓட்டிவிடுவீர்களா? எந்தக் கார்டானாலும் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்லுங்கள்.