பிக் மேன் த்ரீ பாயிண்ட் பட்டியல்: ஈடி முதலிடம், டவுன்ஸ் கீழே. எங்கே கோளாறு?

பட்டியல்பித்தன் (கேள்வி)

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆடிய சென்டர்களை (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆட்கள், 'பிக் மேன்' என்பதும் இவர்களைத்தான்) எக்செல்லில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து நன்றாக எறியக்கூடியவர் என்று கல்லூரிக் காலத்தில் யாருமே கவனிக்காத பிக் மேன் யார் யார் என்று பார்க்க வேண்டும். அறையில் ஒரு நண்பனோடு தினமும் வாய்த்தகராறு, அதற்கு ஒரு முடிவு கட்டத்தான் இந்த வேலை.

த்ரீ பாயிண்ட் (வளைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறி) சதவீதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் வருவது இது (விழுந்தது-எறிந்தது):

ஸாக் ஈடி, பர்டூ, 2023-24: 1-2, அதாவது 50%
ஃபிராங்க் கமின்ஸ்கி, விஸ்கான்சின், 2014-15: 42-101, 41.6%
கார்ல்-ஆன்டனி டவுன்ஸ், கென்டக்கி, 2014-15: 2-8, 25%
ஆன்டனி டேவிஸ், கென்டக்கி, 2011-12: 3-20, 15%

ஏழடி நாலங்குல ஈடி கமின்ஸ்கியைவிட நல்ல ஷூட்டராம். என்.பி.ஏ.வில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) கிட்டத்தட்ட 40% அடிக்கும், 2022 ஆல்-ஸ்டார் வாரத்தில் த்ரீ பாயிண்ட் போட்டியையே ஜெயித்த டவுன்ஸ் மூன்றாவதாம். நண்பன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இது போதாதென்று, '1-2' என்று ஒட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடுகிறது. சூத்திரத்தில் கோளாறா, தரவிலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீபவுண்ட்_ரமணி

தேதி விஷயம் முதலில். ஒட்டுவதற்கு முன்னாலேயே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் பலனில்லை, உள்ளே ஏற்கெனவே வேறு எண் உட்கார்ந்திருக்கும். அதைவிட நல்லது, விழுந்தது ஒரு நெடுவரிசை, எறிந்தது இன்னொன்று என்று பிரித்து வைப்பது. 42-101 மட்டும் தப்பித்திருக்குமே? அப்படி ஒரு தேதியே கிடையாது, அதனால்தான்.

மற்றபடி சூத்திரத்தில் ஒன்றும் கோளாறு இல்லை. இரண்டே எறிக்குச் சதவீதம் போட்டதுதான் கோளாறு.

மூலைக்காரன்

ரமணி சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 40% திறமையுள்ள ஒருவர் ஒரு சீசனில் 40 தடவை எறிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அவருடைய சதவீதம் 25-க்கும் 55-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம். 40 எறிக்கே இந்தக் கதி. டவுன்ஸின் எட்டு எறியை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. நல்லவர் என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஒவ்வொருவர் கணக்கிலும் சராசரியான 100 எறியைக் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். பிக் மேன் சராசரி 30% என்று வைத்தால் 30 விழுந்தது, 100 எறிந்தது. இந்த 100, 30 இரண்டும் நான் குத்துமதிப்பாக வைத்தவை, உங்கள் தரவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அப்போது கமின்ஸ்கி 35.8, ஈடி 30.4, டவுன்ஸ் 29.6, டேவிஸ் 27.5 என்று வரும். கமின்ஸ்கி என்.பி.ஏ.வில் அடித்ததும் சுமார் 35%தான். நிறைய எறிந்தவரின் எண் அதிகம் ஆடாது, ஒன்றிரண்டு எறிந்தவர் சராசரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். ஈடி என்ற பூதம் அடங்கிவிடும்.

பட்டியல்பித்தன்

அருமை அண்ணா, போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே வருகிறது. ஆனால் டவுன்ஸ் இன்னும் ஈடிக்குக் கீழேதான் நிற்கிறார். என் கேள்வியே டவுன்ஸ் மாதிரி ஆளைக் கல்லூரியிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதானே?

பழைய_சென்டர்

ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் எறி) பாருங்க தம்பி. த்ரீ பாயிண்டே எறியாத ஆளுக்கும் ஃப்ரீ த்ரோ கணக்கு இருக்கும். 15 அடியிலிருந்து, யாரும் மறிக்காமல், ஒரே மாதிரி எறி, அதுவும் சீசனுக்கு நூறு தடவைக்கு மேல். கை எப்படிப்பட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

டவுன்ஸ் கென்டக்கியில் 81.3%. கமின்ஸ்கி 78%. ஈடி 71.1%, டேவிஸ் 70.9%. இப்போது வரிசையைப் பாருங்கள்.

டவுன்ஸ் பள்ளியில் ஆடும்போதே தூரத்திலிருந்து எறிபவர் என்றுதான் பெயர். கென்டக்கிக்கு வந்ததும் கோச் கலிபாரி அவரை ரிம்முக்கு, அதாவது கூடை வளையத்துக்கு, பக்கத்தில் நிறுத்தினார். அந்த அணியில் ஆள் நிரம்பி வழிந்தார்கள், இரண்டு ஐவர் குழுவாக மாற்றி மாற்றி இறக்கினார்கள். டவுன்ஸுக்குக் கிடைத்ததே ஆட்டத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான். உள்ளே அடித்தே 38 ஆட்டம் வரிசையாக ஜெயிக்கிற அணியில் சென்டரை வெளியே போய் எறி என்று யார் சொல்வார்கள்?

ஒரு ஆட்டமும் தோற்காத அந்த 38-0 கென்டக்கியை 2015 தேசியக் கல்லூரிப் போட்டி அரையிறுதியில் வீழ்த்தியது விஸ்கான்சின்தான், 71-64. கமின்ஸ்கிக்கு 20 புள்ளி, 11 ரீபவுண்ட். விஸ்கான்சின் கோச் போ ரையனின் ஆட்டத்தில் ஐந்து பேருமே வெளியே நின்று எறிய வேண்டும், சென்டருக்கும் விலக்கு இல்லை. ஒருவருக்கு 101 எறி, இன்னொருவருக்கு 8 எறி என்று வந்ததற்குக் காரணம் கை இல்லை, அணி.

மூலைக்காரன்

இதை என் கணக்கோடு சேர்த்துவிடலாம். எல்லோருக்கும் ஒரே 30 வேண்டாம். ஃப்ரீ த்ரோ 80-க்கு மேல் என்றால் 34, 65-லிருந்து 80 வரை 30, அதற்கும் கீழே 26 என்று ஆரம்பியுங்கள். டவுன்ஸ் 33.3 ஆகி ஈடியைத் தாண்டிவிடுவார். என்.பி.ஏ.வில் முதல் வருடம் அவர் அடித்தது 34%.

சந்தேகப்பிராணி

ஃப்ரீ த்ரோவை இவ்வளவு நம்பாதீர்கள். டேவிஸின் 70.9 ஒன்றும் கேவலமான எண் இல்லை. நடுத்தூர ஜம்பர் அழகாகப் போடுவார். ஆனாலும் என்.பி.ஏ.வில் இத்தனை வருடம் ஆடியும் த்ரீயில் 30%-ஐ ஒட்டியே நிற்கிறார். ஃப்ரீ த்ரோவில் மூச்சு விட்டு, பந்தைத் தட்டி, ஆற அமர எறியலாம். ஆட்டத்தில் ஸ்கிரீன் போட்டுவிட்டு (சக வீரருக்காக எதிராளியை மறித்து நின்றுவிட்டு), திரும்பி, கால் நிலைக்கு வருவதற்குள் பந்து கைக்கு வந்துவிடும், தடுக்கிறவன் பாய்ந்து வருவான்.

நான் பார்ப்பது மூன்று விஷயம். பந்து கைக்கு வந்ததும் இடுப்பு வரை இறக்கிவிட்டுத்தான் மேலே கொண்டுபோகிறாரா? இறக்கினால் நேரம் போகும், உயரமான ஆளுக்கு இன்னும் அதிகம். இரண்டாவது, தவறுகிற எறி எங்கே போகிறது? முன் வளையத்திலோ பின் வளையத்திலோ பட்டால் தூரக் கணக்குதான், பயிற்சியில் சரியாகும். இடமும் வலமும் சிதறினால் கையிலேயே கோளாறு. மூன்றாவது, எறியலாமா வேண்டாமா என்று தயங்குகிறாரா? தயங்குகிறவரிடம் எந்த எண்ணைக் காட்டியும் பிரயோஜனமில்லை.

பழைய_சென்டர்

சரிதான், மறுக்கவில்லை. ஆனால் புரூக் லோபஸை எங்கே வைப்பீர்கள்? ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தவர், என்.பி.ஏ.வில் முதல் எட்டு சீசனும் சேர்த்து 31 எறிந்து 3 விழுந்தது. ஃப்ரீ த்ரோ மட்டும் எப்போதும் 80%-க்குப் பக்கத்தில். புரூக்ளினில் கென்னி அட்கின்சன் கோச்சாக வந்து "எறி" என்றதும் 2016-17-ல் மட்டும் 134 விழுந்தது! எட்டு வருடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டியல்பித்தன்

அப்படியானால் ஈடி? நண்பன் இப்போது ஈடியும் ரகசிய ஷூட்டர்தான் என்று ஆரம்பித்துவிட்டான்.

ரீபவுண்ட்_ரமணி

ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை. பர்டூவில் அவர் எறியாததற்குக் காரணம் சின்னக் கூட்டல் கழித்தல். அந்த சீசனில் ஈடி எறிந்ததில் 62% விழுந்தது, எல்லாமே கிட்டத்தட்ட ரிம்முக்குப் பக்கத்தில். ஒரு எறிக்கு 1.24 புள்ளி. இதற்குச் சமமாக த்ரீயில் வர 41%-க்கு மேல் அடிக்க வேண்டும். ஃபவுல் வாங்கிக் கோட்டுக்குப் போவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. வெளியே ப்ரேடன் ஸ்மித்தும் ஃப்ளெட்சர் லோயரும் இருந்தார்கள், அணி முழுக்க த்ரீயில் 40%-ஐ ஒட்டி அடித்தது. ஈடி ஆர்க்குக்கு (மூன்று புள்ளிக் கோடு) வெளியே நின்றிருந்தால் எதிரணிக் கோச் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

71% ஃப்ரீ த்ரோ உள்ளவர் ஆளில்லாத இடத்தில் நின்று எறிந்தால் ஓரளவு விழும். என்.பி.ஏ.வில் மெம்ஃபிஸுக்குப் போய் முதல் சீசனிலேயே அவ்வப்போது த்ரீ போட்டாரே. 'மோசமில்லை' என்று எழுதுங்கள். 'குறைத்து மதிப்பிடப்பட்டவர்' என்ற பட்டம் டவுன்ஸுக்கும் லோபஸுக்கும் போகட்டும்.

மூலைக்காரன்

இன்னொரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும்: கோட்டின் தூரம். டேவிஸ், டவுன்ஸ், கமின்ஸ்கி மூவரும் எறிந்தது 20 அடி 9 அங்குலக் கோட்டிலிருந்து. 2019-20-ல் ஆண்கள் கோட்டை 22 அடி ஒன்றே முக்கால் அங்குலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். என்.பி.ஏ. கோடு மேலே 23 அடி 9 அங்குலம், ஆனால் மூலையில் வெறும் 22 அடி. இப்போதைய கல்லூரிக் கோட்டின் வளைவைவிட அது ஒன்றே முக்கால் அங்குலம் கிட்டே! பிக் மேனை மூலையில் நிறுத்துவதில் இதுவும் ஒரு சௌகரியம்.

பட்டியல்பித்தன்

நீங்கள் சொன்ன நெடுவரிசைகளையெல்லாம் சேர்த்துவிட்டேன். நடுத்தூர ஜம்பர் கணக்கும் வேண்டுமானால் எங்கே எடுப்பது?

சந்தேகப்பிராணி

ஆட்டத்தின் ப்ளே-பை-ப்ளேயில் (ஒவ்வொரு நிகழ்வாக எழுதும் பதிவு) லேஅப் (கூடைக்குப் பக்கத்தில் போடுவது), டங்க் (கூடைக்குள் கையால் திணிப்பது), ஜம்பர் (குதித்து எறிவது) என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். மொத்த இரண்டு புள்ளி எறியிலிருந்து லேஅப்பையும் டங்கையும் கழியுங்கள். ஒன்று கவனம்: சில அரங்குகளில் மேசையில் இருப்பவர் ஹூக் ஷாட்டையும் (ஒரு கையால் தலைக்கு மேல் வளைத்து எறிவது) ஜம்பர் என்றே பதிந்துவிடுவார். ஈடி ஹூக்கிலேயே பிழைப்பு நடத்தியவர். கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் உங்கள் நண்பனுக்கு மறுபடியும் கொண்டாட்டம்தான்.