தாத்தா வீடு குழு: அறந்தாங்கி நிலம்

பெரியப்பா: நம் அறந்தாங்கி நிலத்தை யாரோ டேப் வைத்து அளந்தார்களாம். பால்காரர் சொன்னார்.

அப்பா: யார் அண்ணே?

பெரியப்பா: பெரிய தங்கையின் மறைந்த மாப்பிள்ளையின் தம்பி மகன். கூட இரண்டு பேர்.

சிங்கப்பூர் அண்ணன் (பெரியப்பா மகன்): பத்து வருடமாக இதைத்தான் சொல்கிறேன். 1994ல் என் அப்பா இங்கே கப்பல் பட்டறையில் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய பணம். பத்திரப் பதிவுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் அத்தை பெயர்.

அப்பா: அதனால் மட்டும் இல்லை. பிள்ளை இல்லாத பெண், கையில் ஒரு பிடிப்பு இருக்கட்டும் என்று அம்மா சொன்னார்கள்

சின்ன அத்தை: ஞாயிறு அம்மா திதிக்கு எத்தனை பேர்?? ஐயரிடம் சொல்ல வேண்டும்

அம்மா: நாங்கள் 4

மதுரை மாமா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். பத்திரம், பட்டா இரண்டும் மதினி பெயரில். பணம் மச்சானுடையது என்று இனி கோர்ட்டில் கேட்க முடியாது, 1988 பினாமி சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2016 திருத்தத்தில் அண்ணன் தங்கைக்கு விலக்கு உண்டு, ஆனால் ஏதாவது ஓர் ஆவணத்தில் இருவர் பெயரும் கூட்டாக இருக்க வேண்டும், நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை. அப்புறம் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவு. கணவரும் பிள்ளையும் இல்லாத பெண் உயில் எழுதாமல் காலமானால், அவர் பெயரில் கிரயம் வாங்கிய சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால்தான் தகப்பன் வழிக்குத் திரும்பும். அதனால்தான் அந்தப் பையன் அளக்கிறான்.

நான்: மாமா, அத்தை இந்தக் குழுவில் இருக்கிறார்கள்

மதுரை மாமா: மன்னிக்க வேண்டும் மதினி. சட்டத்தைத்தான் சொன்னேன்.

சிங்கப்பூர் அண்ணன்: அப்படியானால் இந்த மாதமே அத்தை என் அப்பா பெயருக்குச் செட்டில்மெண்ட், அதாவது தானப் பத்திரம் எழுதட்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000. நான் கட்டுகிறேன்.

அப்பா: பாட்டி படுக்கையில் இருந்தபோது யார் என்ன கட்டினார்கள் என்பதையும் பேசலாமா

சின்ன அத்தை: முதலில் அம்மாவின் வெண்கல அண்டா எங்கே போனது என்று சொல்லுங்கள்

அம்மா: மறுபடியும் அண்டாவா

அத்தை: எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அளக்கச் சொன்னது நான். தெற்கு வேலி சாய்ந்து மாடு இறங்குகிறது, கம்பி எத்தனை மீட்டர் வேண்டும் என்று பார்க்க வந்தான், நம் வீட்டிலிருந்து யார் வந்தீர்கள்? அண்ணன் காசு இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு அது பொட்டல். தென்னை வைத்தது, மோட்டாருக்கு மூன்று முறை காயில் கட்டியது எல்லாம் நான். அம்மாவைக் கடைசி ஆறு வருடம் அந்தத் தேங்காய்க் காசில்தான் பார்த்தேன். என் பெயரை எடுப்பது பற்றி இத்தனை பேர் பேசுகிறீர்கள், ஒருவராவது எனக்குப் போன் செய்து கேட்டீர்களா?

பெரியப்பா: தப்பு என்னுடையதுதான் தாயி. பால்காரரிடம் கேட்டவன் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூர் அண்ணன்: அத்தை நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை

மதுரை மாமா: மதினி, செட்டில்மெண்ட் பதிந்தால் திரும்ப வாங்குவது கஷ்டம், அவசரப்பட வேண்டாம். உயில் மட்டும் எழுதி வையுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை, இரண்டு சாட்சி போதும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.

அத்தை: எழுதுகிறேன். யாருக்கு என்று இப்போது கேட்காதீர்கள். வேலிக் கம்பிக்குப் பணம் கொடுத்த பையனுக்கும் ஒரு பங்கு யோசிக்க வேண்டும்.

சிங்கப்பூர் அண்ணன்: அவனுக்கா??

அப்பா: ஞாயிறு நேரில் பேசலாம்

பெரியப்பா: ம்

சின்ன அத்தை: அப்படியானால் 14 பேர் என்று ஐயரிடம் சொல்கிறேன். வாழைக்காய் யார் வாங்குகிறீர்கள்?

அத்தை: தேங்காய் வாங்க வேண்டாம். நான் கொண்டு வருகிறேன்.